கடைசி சீட்டில் வந்த ரஞ்சிதம் அக்கா

செய்தியை எனக்குச் சொன்னவர் எங்கள் பஸ்ஸின் கண்டக்டர். போன வாரம் புதன்கிழமை காலை, பள்ளிக்கூடம் போவதற்காக ஊர் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். சோழவந்தான் பஸ் வந்து நின்றது. நான் ஏறுவதற்குள் அவர் படியில் நின்றபடியே சொன்னார்.

"பாப்பா, ஒங்க ரஞ்சிதம் தவறிப்போச்சும்மா. நேத்து சாயங்காலம், பெரியாஸ்பத்திரில. மஞ்சக்காமாலையாம்."

எனக்குப் பின்னால் டீக்கடை வாசலில் என் சித்தப்பா கையில் கிளாஸோடு நின்றிருந்தார். நான் கண்டக்டரைப் பார்த்து, "எந்த ரஞ்சிதம்?" என்று கேட்டேன்.

அவர் என் முகத்தையும் சித்தப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "தெரியலைன்னா விடு தாயி. ஏறு, ஏறு" என்றார். பஸ் கிளம்பியது. அழுதால் பக்கத்தில் இருப்பவர்கள் கேட்பார்கள் என்று பள்ளிக்கூடம் வரை வெளியே வயலைப் பார்த்துக்கொண்டே போனேன்.

வரும் சனிக்கிழமை இரங்கல் கூட்டத்தில் அக்காவைப் பற்றி ஒருவர் எழுதிப் படிக்க வேண்டும் என்று வகுப்பு மேடம் சொன்னபோது எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள். "நீதான் அவளோட ரொம்ப நாள் பஸ்ல வந்தவ" என்றார் மேடம். சரி என்று தலையாட்டிவிட்டேன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். யாராவது புரண்டு படுக்கும் சத்தம் கேட்டால் இயற்பியல் நோட்டை இதன் மேல் இழுத்துக்கொள்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் காரணம் அதுதான்.

நம் வகுப்பைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கூட்டத்துக்கு அக்காவின் கல்லூரித் தோழிகளும் வருவார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். சிம்மக்கல் பக்கம் இருக்கும் ஒரு கல்லூரியில் சனிக்கிழமை தோறும் இந்த ஆயத்த வகுப்பு நடக்கிறது. சுற்று வட்டாரத்தில் தமிழில் படித்து, பிளஸ் ஒன், பிளஸ் டூவில் இருக்கும் பெண்களுக்கானது. கல்லூரியில் இடம் கிடைத்துப் போனாலும், பாடம் முழுக்க இங்கிலீஷில் நடப்பதைக் கேட்டுப் பயந்து, தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிறவள் அப்படியே நின்றுவிடுகிறாள். அப்படி நடக்காமல் இருக்க முன்கூட்டியே பழக்குகிறார்கள். பாடத்தைவிட எங்களுக்குப் பெரிய கஷ்டம் மதுரைக்கு வருவதுதான். வயதுப் பெண்ணைத் தனியாக பஸ் ஏற்ற எந்த வீட்டிலும் சம்மதிக்க மாட்டார்கள். அதனால் மேடம் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். ஒவ்வொரு பஸ் வழிக்கும், இதே வகுப்பில் படித்துக் கல்லூரிக்குள் போன ஒரு மாணவி பொறுப்பு. அவர் வீடு வீடாகப் போய்ப் பெண்களைக் கேட்டு வாங்கி, கூட்டிவந்து, சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுவார். சோழவந்தான் வழிக்கு ரஞ்சிதம் அக்கா. பி.எஸ்ஸி. இரண்டாம் வருடம்.

அக்காவின் ஊர் எங்கள் ஊருக்கும் மதுரைக்கும் நடுவில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலமே விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்துவிடுவார். மறுநாள் மதுரைக்கு அவர் நேராகவே போகலாம். ஆனால் சனிக்கிழமை காலையில் முதல் பஸ் பிடித்து எதிர்த்திசையில் சோழவந்தான் வருவார். அங்கே விஜயாவைக் கூட்டிக்கொண்டு, அதே பஸ் திரும்பும்போது எங்கள் ஊரில் இறங்கி, என் வீடு வரை வந்து என்னை அழைத்துக்கொண்டு அடுத்த பஸ் ஏறுவார். கடைசி ஒரு மாதமாக அவருடைய ஊர் நிறுத்தத்தில் இன்னும் இருவர் ஏறினார்கள். "என்னக்கா, வீட்டுல இருந்து கெளம்பி வந்து மறுபடி வீட்டைத் தாண்டிப் போறீங்க" என்று விஜயா கேலி செய்வாள். "எங்க வீட்டு மேல அம்புட்டு ஆசைடி. எத்தன தடவ பாத்தாலும் சலிக்கல" என்பார் அக்கா.

முதல் முறை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கஞ்சி போட்டுத் தேய்த்த சேலை, கையில் வாட்ச், தோளில் பை. அப்பா என்னை அனுப்புவதில்லை என்று முடிவு செய்திருந்தார். அக்கா அரை மணி நேரம் பேசினார். கெஞ்சவில்லை. "நான் கூட்டிட்டுப் போறேன், நானே கொண்டாந்து விட்டுர்றேன். இருட்டுறதுக்குள்ள ஒங்க வாசல்ல நிப்பா. ஒரு நா தவறினாலும் அடுத்த வாரம் அனுப்பாதீக" என்றார். எந்த ஊர் என்று அப்பா கேட்டார். சொன்னார். அந்த ஊரில் எங்கள் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். காலேஜில் படிக்கிற பெண், அந்த ஊர், இந்தப் பேச்சு. எங்கள் ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் முடிவு செய்துகொண்டார்கள். வேறு மாதிரி இருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. அம்மா அவரை நடு வீட்டில் உட்காரவைத்து இட்லி வைத்தார். "நல்லா சாப்பிடுத்தா, காலேஜு சாப்பாடு ஒடம்புல ஒட்டவே இல்லையே" என்றார்.

வகுப்புக்கு வந்த முதல் நாள் நாம் செய்த காரியத்தை மேடம் இன்னும் சொல்லிச் சிரிப்பார். கல்லூரி நூலகத்துக்குக் கூட்டிப்போனார்கள். நாம் அத்தனை பேரும் வாசலில் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு உள்ளே போனோம். அங்கே படித்துக்கொண்டிருந்த கல்லூரிப் பெண்கள் நம் காலைப் பார்த்துச் சிரித்தார்கள். அக்கா நம்மைத் திரும்ப வெளியே கூட்டிவந்தார். "மாட்டுங்கடி. இது கோயிலு இல்ல. செருப்புச் சத்தம் கேக்க நடந்து வாங்க. நாம வந்திருக்கோம்னு தெரியட்டும்" என்றார். சத்தம் போட்டதற்காக நூலகர் நம்மைத் திட்டியது தனிக்கதை. அக்கா திட்டு வாங்கியபடியே நம்மைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

இன்னொரு நாள் நான் வகுப்பில் அழுதுவிட்டேன். பொருளாதாரம் நடத்த வந்தவர் ஒரு மணி நேரம் இங்கிலீஷில் பேசினார். எனக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை. மத்தியானம் மரத்தடியில் அக்கா தன் பையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்துக் காட்டினார். முதல் வருடம் வகுப்பில் எழுதியதாம். பக்கம் பக்கமாகத் தமிழ் எழுத்து. ஆனால் ஒரு சொல்லும் தமிழ் இல்லை. காதில் விழுந்த இங்கிலீஷை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தார். விடுதிக்குப் போன பிறகு உரக்கப் படித்துப் பார்த்து, புத்தகத்தில் அந்த ஒலி எங்கே வருகிறது என்று தேடுவாராம். "மொதல்ல காதைப் பழக்கணும் செல்வி. மூளை பின்னாடி மெதுவா வரும். அதுக்கு வேற வழி இல்ல" என்றார். பிறகு, "நான் புத்திசாலின்னு நெனச்சுக்காத. மொதப் பரீட்சைல ரெண்டு பேப்பர் ஊத்திக்கிச்சு" என்றும் சொன்னார். அன்றிலிருந்து நானும் அப்படித்தான் எழுதுகிறேன். உங்களில் பல பேரும் அப்படித்தான் எழுதுகிறீர்கள்.

இனி எழுத வேண்டியதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. உங்களில் சிலருக்கு இது தெரியும். முழுதாகத் தெரிந்தவர்கள் விஜயாவும் நானும்தான்.

அக்காவை அம்மாவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அம்மாவுக்கு ஒரு தம்பி இருக்கிறார், என் மாமா. மின்வாரியத்தில் வேலை. படித்த பெண்ணாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். அம்மா என்னிடமோ அக்காவிடமோ ஒரு வார்த்தை கேட்காமல், அக்காவின் ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் ஆள் விட்டு விசாரிக்கச் சொன்னார். இது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். கல்யாண வீட்டிலோ பஸ்ஸிலோ ஒரு பெண்ணைப் பார்த்துப் பிடித்தால், பெண் வீட்டுக்குத் தெரியாமல் முதலில் விசாரித்துக்கொள்வார்கள். விசாரிக்கப் போனவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். வாசலிலேயே நின்று சிரித்துக்கொண்டு, "ஏத்தா, ஒனக்குப் பொண்ணு பாக்கக் காலனிதான் கெடச்சுதா?" என்றார்.

அப்பா முதலில் சொன்னது, "செருப்புக் காலோட நம்ம தெருவுக்குள்ள வந்திருக்கா" என்பது. அம்மா, "நடு வீட்டுல உக்காந்து தின்னுட்டுப் போயிருக்காளே, ஒரு வார்த்த சொன்னாளா?" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மாவுக்கு அக்கா மேல் இருந்ததைவிடத் தன் மேல்தான் கோபம் என்று எனக்குத் தெரிந்தது. அக்கா எதையும் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை. இதைச் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. எனக்கு வகுப்பு அன்றோடு நின்றது.

நடந்ததை விஜயா மூலம் அக்கா தெரிந்துகொண்டார். அடுத்த வாரம் பள்ளிக்கூட வாசலில் என்னை வந்து பார்த்தார். நான் தலையைத் தூக்கவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி, "மாப்ள என்ன வேல பாக்குறாரு?"

"ஈ.பி.ல" என்றேன்.

"அடடா, கரண்டுக் கம்பெனி மாப்ளயா? கைநழுவிப் போச்சே" என்று சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து அவரும் நிறுத்திக்கொண்டார். "ஒங்கம்மா கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் செல்வி. நானா போயி எல்லார் வீட்டு வாசல்லயும் சொல்லிட்டு நிக்கணுமா? நீ சொல்லு" என்றார்.

பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். விஜயாவின் அப்பா சோழவந்தானில் வெற்றிலை கமிஷன் கடை வைத்திருப்பவர், என் அப்பாவுக்குப் பழக்கம். விஜயா வீட்டுக்கு வந்து என்னை அழைத்தால் அனுப்புவார்கள். அந்தப் பெண் இப்போது வருவதில்லை, கல்லூரியில் வேறு ஏற்பாடு செய்துவிட்டார்கள் என்று விஜயா சொல்ல வேண்டும். விஜயா வந்து சொன்னாள். அப்பா சம்மதித்தார். நான் மறுபடி சனிக்கிழமை வகுப்புக்கு வந்தேன். அக்காவும் அதே பஸ்ஸில்தான் வந்தார். ஆனால் கடைசி சீட்டில்.

கடைசி சீட்டில் ஆண்கள்தான் உட்காருவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்களுக்கு நடுவில், ஆற்றுப்பக்க ஜன்னலை ஒட்டி, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு அக்கா உட்கார்ந்திருப்பார். எங்கள் ஊர் டீக்கடையிலிருந்து பார்த்தால் அவர் முகம் தெரியாது. கண்டக்டர் ஒவ்வொரு வாரமும், "பொம்பளப் புள்ள முன்னாடி போம்மா, எடம் கெடக்குல்ல" என்பார். "இங்கிட்டுத்தான் காத்து வருதுண்ணே" என்பார் அக்கா. "என்னத்தக் காத்தோ, பீடி நாத்தம்தான் வருது" என்று முணுமுணுத்துவிட்டு அவர் போய்விடுவார். எங்கள் ஊரும் அடுத்த ஊரும் தாண்டிய பிறகு அக்கா எழுந்து முன்னால் வருவார். அதற்குள் நான் நகர்ந்து இடம் விட்டிருப்பேன். அவர் உட்கார்ந்ததும் அன்றைய பாடத்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார், இடையில் எதுவுமே நடக்காதது போல. சாயங்காலம் திரும்பும்போதும் இதேதான். அந்த ஊர்கள் வருவதற்கு முன் எழுந்து பின்னால் போய்விடுவார். அவருடைய ஊரில் இறங்காமல், நான் இறங்கி வீட்டுப் பக்கம் திரும்புவதைப் பார்த்து, சோழவந்தானில் விஜயாவை விட்டுவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பிப் போவார்.

ஒரு நாள் என்னால் தாங்க முடியவில்லை. "எனக்காக எதுக்குக்கா இம்புட்டுக் கஷ்டம்? நான் நின்னுக்கிறேன்" என்றேன். அக்கா என்னிடம் உண்மையாகக் கோபப்பட்டது அந்த ஒரு முறைதான்.

"ஒனக்காகன்னு யாருடி சொன்னா? ஒந்தெருவுல இருந்து வந்த மொத ஆளு நீ. நீ நின்னுட்டா அடுத்த வருசம் அங்க எவ வீட்டுக் கதவையும் தட்ட முடியாது. ஒழுங்கா வந்து படி. நன்றி கின்றின்னு எதாச்சும் சொன்ன, பஸ்ஸ விட்டு எறக்கிருவேன்."

கடைசியாக அவரைப் பார்த்த சனிக்கிழமை அவர் கண் மஞ்சளாக இருந்தது. விஜயா கேட்டாள். தூக்கமில்லை என்றார். முன்னால் வந்து உட்காரும் இடம் வந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தார். பக்கத்தில் இருந்த பெரியவர் அவர் மேல் இடிக்காமல் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து போயிருக்கலாம். பஸ்ஸில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். நான் போகவில்லை.

அவரைக் கொண்டுபோன அன்று நான் போகவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நீங்களெல்லாம் மேடத்தோடு அக்காவின் ஊரில் வந்து இறங்கியதை, பள்ளிக்கூடம் போகும் பஸ்ஸிலிருந்து பார்த்தேன்.

இதையெல்லாம்கூட நான் எழுதாமல் விட்டிருப்பேன். அக்கா நல்லவர், அன்பானவர் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருப்பேன். போன சனிக்கிழமை நடந்ததால்தான் அப்படி எழுத முடியவில்லை.

அக்கா இல்லாத முதல் சனிக்கிழமை. விஜயாவும் நானும் முன் சீட்டில் இருந்தோம். அக்காவின் ஊர் நிறுத்தத்தில் பஸ் நின்றது. பாண்டியம்மாவும் முருகேஸ்வரியும் நின்றிருந்தார்கள். இருவரும் பிளஸ் ஒன். அக்கா தன் தெருவிலிருந்து கூட்டிவரத் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. எண்ணெய் வைத்துப் பின்னி, பையை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தார்கள். அக்கா போன துக்கத்திலும் அவர்களை அனுப்ப வேண்டும் என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். பாண்டியம்மாவின் அம்மா ஜன்னல் பக்கம் வந்து, பஸ்ஸில் இருந்த எல்லோரையும் பார்த்து, "ஆத்தா, வகுப்புக்குப் போற புள்ளைக யாரும் இருக்கீகளா? எங்க புள்ளைகளக் கூட்டிட்டுப் போயி கொண்டாந்து விடுவீகளா?" என்று கேட்டார்.

விஜயா என் கையைப் பிடித்தாள். "பேசாம இரு. ஒங்கப்பா காதுக்குப் போச்சுன்னா எங்க வீட்டுலயும் என்னைய நிப்பாட்டிருவாக" என்றாள். நான் பேசாமல் இருந்தேன். அந்த அம்மா ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என் முகத்தையும் பார்த்தார். என்னை அவருக்குத் தெரியாது. கண்டக்டர் எங்கள் பக்கம் பார்த்தார். கொஞ்ச நேரம் விசில் ஊதாமல் நின்றார். பிறகு ஊதினார். பஸ் கிளம்பியதும் பாண்டியம்மா எங்கள் ஜன்னலைக் காட்டித் தன் அம்மாவிடம் ஏதோ கேட்டது தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை.

அந்த இருவரும் வகுப்புக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று மேடம் கேட்டபோது, துக்க வீடு என்று யாரோ சொன்னார்கள். மேடம் நம்பினார். அதற்குப் பிறகுதான் அக்காவைப் பற்றி என்னை எழுதச் சொன்னார்.

எனக்குப் பயம்தான். அதை மறைக்கப் போவதில்லை. என் படிப்பு நின்றால் வைகாசியில் மாமாவுக்கு என்னைக் கட்டிவைப்பது என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறார்கள். மாமா கெட்டவர் இல்லை. ஆனால் நான் கல்லூரிக்குப் போக வேண்டும். அக்காவின் தெருவில் நான் நுழைந்தால் மத்தியானத்துக்குள் சித்தப்பாவுக்குத் தெரிந்துவிடும். அப்பாவிடம் என்ன சொல்வேன் என்று இன்னும் தெரியவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்வேன் என்று மட்டும் நினைத்திருக்கிறேன். அடி விழுந்தால் வாங்கிக்கொள்ளலாம். வகுப்பை நிறுத்தினால் என்ன செய்வது என்பதற்குத்தான் வழி கிடைக்கவில்லை.

அக்காவிடமிருந்து எதை வைத்துக்கொள்கிறாய் என்று கடைசியில் எழுதச் சொன்னார் மேடம். அவருடைய தைரியத்தை என்று எழுத ஆசை. அது என்னிடம் இல்லை. சிரித்துக்கொண்டே பதில் சொல்லும் அந்தக் குணமும் எனக்கு வராது. அவர் பார்த்த வேலையை வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பெரிய மனசு தேவையில்லை. ஒரு நிறுத்தத்தில் இறங்க வேண்டும், தெருவுக்குள் நடக்க வேண்டும், இரண்டு வீட்டில் கேட்க வேண்டும், அடுத்த பஸ் பிடிக்க வேண்டும். விஜயாவிடம் சொல்லிவிட்டேன். அவள் இறங்க மாட்டாள். அது அவள் இஷ்டம். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை.

இந்தத் தாளை மேடத்திடம் முன்னதாகக் கொடுக்கப் போவதில்லை. என் பையிலேயே இருக்கும். சனிக்கிழமை காலை அந்த நிறுத்தத்தில் நான் இறங்காமல் வந்துவிட்டால், வகுப்புக்கு வரும் வழியிலேயே இதைக் கிழித்துப் போட்டுவிடுவேன். பிறகு அக்காவைப் பற்றி வேறு யாராவது பேசட்டும். எனக்கு அந்த உரிமை கிடையாது.

ஆகவே, இதை நான் உங்கள் முன்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறேன் என்றால், பாண்டியம்மாவும் முருகேஸ்வரியும் இந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இருட்டுவதற்குள் அவர்களை வீட்டில் விட வேண்டும். கூட்டம் முடிந்ததும் எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள்.